ஓடைக்குத் தெற்கே எட்டு ஹெக்டேர்

1

லிதியா ஒரு வியாழக்கிழமை காலை என் கடைக்கு வந்து, ஒரு பொய்யை டைப் அடித்துத் தரச் சொன்னாள். அடித்துக் கொடுத்தேன். இந்தக் கதை பிறந்தது அங்கேதான். அதை மறைத்துவிட்டு, பஸ்ஸில் காதில் விழுந்த சங்கதி மாதிரி தொடங்கலாம் என்று நாலைந்து தடவை முயன்று பார்த்தேன்.

"ஏப்ரலில் சாம்பல் நிறக் கார் ஒன்று ஊருக்குள்" (கோடு போட்டு அடித்துவிட்டேன். யுத்தக் கதை என்றால் ஏதாவது ஒரு வண்டி வந்தே தீரும்.)

"லிதியா நிலத்தை விற்கவே மாட்டாள் என்பது ஊரறிந்த" (இதையும் பாதியில் விட்டேன். இந்தக் கதையில் ஊரறிந்த எதுவும் உண்மையாக இருந்ததில்லை.)

ஆகவே நேராகச் சொல்கிறேன். நான் ஜாபோரிஷியா நகரத்தில் இருபத்தாறு வருஷமாக டிராக்டர் உதிரி பாகம் விற்கிற தமிழன். லிதியாவின் கணவன் பனாஸ் என் வாடிக்கை. இந்தக் கதையில் நானும் ஒரு ஆள். எவ்வளவு பெரிய ஆள் என்பதை நாலாவது பகுதியில் சொல்கிறேன். அதுவரை என்னை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

அவர்கள் ஊர் நகரத்துக்குத் தெற்கே, காரில் ஒரு மணி நேரம். ஊருக்கும் போர்முனைக்கும் அப்போது பதினாலு கிலோமீட்டர். முந்நூறு வீட்டில் எழுபது வீட்டில்தான் அடுப்பு எரிந்தது. ஊரின் நடுவே ஒரு வறட்டு ஓடை. அதன்மேல் சின்ன பாலம். வடக்கே பள்ளிக்கூடம், கடை, ஊர்த்தலைவர் யுகிமின் அலுவலகம். தெற்கே ஒரே ஒரு தெரு. அந்தத் தெருவில் லிதியாவின் வீடு, அடுத்த வீடு மெலானியாவுடையது. தெருவைத் தாண்டினால் வயல்.

லிதியாவுக்கு ஐம்பத்தாறு வயது. தானியக் கிடங்கின் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். லாரியில் வரும் கோதுமையில் ஒரு பிடி எடுத்து, ஈரம் எவ்வளவு, தூசு எவ்வளவு என்று பார்த்து முத்திரை குத்துவாள். அவள் குத்தினால்தான் லாரி உள்ளே போகும். யுத்தத்தின் இரண்டாவது கோடையில் கிடங்கின்மேல் குண்டு விழுந்தது. கோதுமை பதினோரு நாள் புகைந்தது. வேலை போனது.

கூட்டுப்பண்ணை கலைந்தபோது ஆளுக்கு நாலு ஹெக்டேர் பங்கு கொடுத்திருந்தார்கள். அவளுக்கும் பனாஸுக்குமாக எட்டு. ஓடைக்குத் தெற்கே. குத்தகைக்கு எடுத்திருந்த பெரிய கம்பெனி முதல் வருஷமே மூட்டை கட்டிவிட்டது. பாதி நிலத்தில் கண்ணிவெடி, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை. மீதிப் பாதியில் பனாஸ் தானே உழுது விதைத்தான். டீசல் விலை ஏறிக்கொண்டே போனது. துறைமுகத்துக்குப் போகும் வழியெல்லாம் ஆபத்து என்று சொல்லி வியாபாரி கோதுமை விலையைக் குறைத்துக்கொண்டே போனான். பனாஸ் சொல்வான்: "விதைக்கிறதுக்கு ஒரு செலவு, வெடிக்காம திரும்பி வர்றதுக்கு ஒரு வேண்டுதல். வித்தா ரெண்டுக்கும் காணாது."

இந்த ஊருக்குத்தான் நிலம் வாங்க ஒருவன் வந்தான்.

3

பெயர் செவெரின். நாற்பது வயதிருக்கும். சேறும் சகதியுமான ஏப்ரலில் அவன் காலணியில் மட்டும் ஒரு பொட்டு அழுக்கில்லை. ஊர் முதலில் அதைத்தான் கவனித்தது. அவன் கண்ணிவெடி உள்ள நிலத்தையும் கேட்டான். சாதாரண விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்தான். போர்முனைக்குப் பக்கத்தில் பத்திரப்பதிவு கிடையாது என்பதால் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து, கொஞ்சம் முன்பணம், மீதி பிறகு.

"கண்ணிவெடிய அறுவடை பண்ணி விக்கப் போறானா இவன்?" என்று மெலானியா கடைவாசலில் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் சிரிப்பு நின்றது.

யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. (நான் இல்லை. இதை மட்டும் சத்தியமாகச் சொல்ல முடியும்.) "அவனுக்குத் தெரியும்" என்றார்கள். போர்முனைக் கோடு கடைசியில் எங்கே நிற்கும் என்று மேலிடத்தில் பேசி முடித்தாகிவிட்டதாம். அந்த வரைபடத்தைப் பார்த்தவர்கள்தான் இப்போது நிலம் வாங்குகிறார்களாம். எதிராளிக்குப் போகப்போகிற மண்ணுக்கு எவனாவது காசு கொடுப்பானா? ஆக, செவெரின் வாங்கும் இடம் நம்மிடம் இருக்கும். வாங்காத இடம்?

அதற்குப் பிறகு ஊர் செய்தி கேட்பதை விட்டுவிட்டது. செவெரின் எந்த வயலில் நிற்கிறான் என்று மட்டும் பார்த்தது. வடக்கு வயலை வாங்கினான். கிளம்ப இருந்த இரண்டு குடும்பங்கள் மூட்டையை அவிழ்த்தன. கிழக்கு வயலை வாங்கினான். யாரோ கூரைக்குத் தகடு போட்டார்கள். மே மாதம் அவன் தெற்கே பார்த்து நடந்து வந்து ஓடைக்கரை வரை வாங்கினதும், மெலானியா பேத்தி படிப்புக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து ஒரு பசுமாடு வாங்கிவிட்டாள்.

"ஏண்டி, குண்டு விழற ஊர்ல மாடா?" என்று லிதியா கேட்டாள்.

"செவெரின் ஓடை வரைக்கும் வந்துட்டான். நாளைக்கு ஓடையத் தாண்டுவான். நீதான் கேட்டாலும் குடுக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறே."

"குடுக்க மாட்டேன்தான். அவன் மூஞ்சியப் பாத்தியா? ஈரமான கோதுமைய மேலாக் காஞ்சதப் போட்டு மூடிக்கிட்டு வர்ற லாரிக்காரன் மூஞ்சி. நான் முப்பது வருஷம் பாத்தவ."

4

சொன்னபடி இப்போது என் பங்கு.

செவெரின் அந்த ஊருக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பு, மார்ச்சில், என் கடைக்கு வந்தான். ஒன்றும் வாங்கவில்லை. தேநீர் குடித்தான். வியாபாரம் எப்படி என்று கேட்டான். புலம்பினேன். எந்தெந்த ஊரில் விவசாயம் நடக்கிறது, யார் இந்த வருஷம் பாகம் வாங்க வரவில்லை என்று கேட்டான். இவனும் உதிரி பாகம் விற்க வந்தவன் போலிருக்கிறது என்று நினைத்து, என் வியாபாரம் எவ்வளவு மோசம் என்று காட்டுவதற்காகவே ஊர் ஊராகச் சொன்னேன். யார் டிராக்டரை விற்றுவிட்டார்கள், யார் மகனிடம் போய்விட்டார்கள், யார் கை ஓய்ந்து கிடக்கிறார்கள் என்றெல்லாம். அவன் போனில் குறித்துக்கொண்டான். யாரிடம் முதலில் போனால் மலிவாகப் படியும் என்ற பட்டியலை நானே என் வாயால் கொடுத்திருக்கிறேன்.*

* இந்தப் பகுதியை முதல் இரண்டு பிரதியிலும் எழுதவில்லை. அப்போது கதை நன்றாகத்தான் இருந்தது. செவெரின் முழு வில்லனாக இருந்தான்.

5

ஜூனில் பனாஸ் டிராக்டரின் கிளட்ச் போனது. மாற்ற வழியில்லை. "வித்துத் தொலைச்சுடுவோம் லிதா" என்று நாலு நாள் சொல்லிக்கொண்டே இருந்தான். ஐந்தாவது நாள் அவள் முகம் கழுவி, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, பாலத்தைத் தாண்டி வந்து, கடைவாசலில் ஊரார் கண்முன்னே நின்ற செவெரினிடம் போனாள்.

"சரி, எடுத்துக்கோ. எட்டும்."

அவன் தொண்டையைச் செருமினான். "மன்னிச்சுக்கோங்கம்மா. உங்க நிலம் வேண்டாம்."

"விலை ஜாஸ்தின்னா?"

"விலையில்லம்மா. ஓடைக்கு அந்தப் பக்கம் நாங்க எடுக்கல."

சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த வாயெல்லாம் அப்படியே நின்றது.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டாகிவிட்டது. எந்தப் படையும் வரவில்லை, எந்தக் கொடியும் ஏறவில்லை. ஓடைக்கு வடக்கே நம்முடையது, தெற்கே அவர்களுடையது. ரொட்டி வண்டி பாலத்தோடு திரும்பியது. தெற்கே ஏன் டீசலைக் கரியாக்குவது என்றான் ஓட்டுநர். தண்ணீர் லாரியும் அப்படியே. தெற்குத் தெருவுக்கு என்று வந்த ஜெனரேட்டரை யுகிம் பள்ளிக்கூடத்திலேயே இறக்கி வைத்தார். "ரெண்டு நாள் பொறுங்க. நிலவரம் தெரியட்டும்" என்றார். தெற்குத் தெருவில் மீதியிருந்த பன்னிரண்டு வீட்டில் மூன்று ஒரே வாரத்தில் காலியானது. மெலானியா மாட்டை ஏற்ற லாரி பேசினாள்.

அதைவிட மோசம் இன்னொன்று. லிதியாவின் தம்பி கோட்டுக்கு அந்தப் பக்கம், அவர்கள் பிடித்துவைத்த ஊரில் இருக்கிறான். மூன்று வருஷமாக யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. இப்போது பேசினார்கள். "அவளுக்கு என்ன, எவன் வந்தாலும் அங்க ஒரு தம்பி இருக்கான்." பாலத்தில் எதிரே வந்த யுகிமின் மனைவி வணக்கம் சொல்லாமல் போனாள். இருபது வருஷம் ஒரே ஆய்வுக்கூடத்தில் கூட வேலை பார்த்தவள்.

6

லிதியா என் கடைக்கு வந்தது அந்த வியாழக்கிழமைதான். செவெரின் நகரத்தில் இருக்கும்போது என் கடைக்கு எதிரே உள்ள உணவகத்தில்தான் சாப்பிடுவான் என்று நான்தான் பனாஸிடம் சொல்லியிருந்தேன். போய்க் கூட்டிவந்தேன். வந்தவன் அவளைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தான். நான் கதவை மறித்து நின்றேன்.

"காசு வேண்டாம்," என்றாள் லிதியா. "சும்மா எடுத்துக்கோ. வாங்கிட்டேன்னு ஊர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"அம்மா, கேளுங்க. அங்க பழைய கூட்டுப்பண்ணை வரைபடத்துக்கும் புது அளவைக்கும் மூணு மீட்டர் இடிக்குது. ஓடைக்குத் தெற்க எல்லா நிலமும் அப்படித்தான், ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடக்கு. வக்கீல் தொடாதேன்னுட்டார். அவ்வளவுதான். யுத்தமும் இல்ல, கோடும் இல்ல."

"மூணு மீட்டருக்கா எங்க தெருவுக்கு ரொட்டி வரல?"

"அத நான் சொல்லலையே! ஊர்க்காரங்க கட்டிவிட்டதுக்கு நான் என்ன பண்ண? எனக்கு ஹெக்டேருக்கு இவ்வளவுன்னு கூலி. யாருக்காக வாங்குறேன்னே எனக்குத் தெரியாது. மேல ஒருத்தர், அவருக்கு மேல ஒருத்தர். சத்தியமா."

லிதியா அவன் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள், தட்டில் பரப்பிய தானியத்தைப் பார்ப்பதுபோல. "பாதி நெசம்," என்றாள். "எந்தப் பாதின்னுதான் தெரியல."

(எனக்கும் தெரியவில்லை. மூன்று மீட்டர் கதை உண்மையாக இருக்கலாம். உண்மையாக இருந்தாலும் அதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது? இவ்வளவு சப்பையான காரணத்தை நம்புகிற நிலையில் யாரும் இல்லை.)

அவன் போனபிறகு அவள் என் கணினியைக் காட்டினாள். "தம்பி, அதுல ஒரு காகிதம் அடி. என் நிலத்த வேற ஒரு கம்பெனி வாங்கிட்டான்னு. இவன் குடுக்குறத விடக் கூட விலைக்கு."

"எந்தக் கம்பெனி அக்கா?"

"எனக்கென்ன தெரியும். நல்ல பேரா ஒண்ணு வை."

'தென்புலக் கூட்டு நிறுவனம்' என்று வைத்தேன். கூட விலை என்பது அவளுடைய ரோஷம். அந்த ரோஷம் பின்னால் என்ன செய்தது என்று

(பொறுங்கள். ஒழுங்காக வருகிறேன்.)

7

கம்பெனி முத்திரைக்கு எங்கே போவது? லிதியாவிடம் ஒரே ஒரு முத்திரைதான் இருந்தது, கிடங்கு எரிந்த அன்று பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதைத்தான் குத்தினாள். கொஞ்சம் இழுத்து, எழுத்து கலங்கும்படி.

யுகிமின் அலுவலகத்தில் இருபது பேர் சுற்றி நிற்க அந்தக் காகிதத்தை மேசைமேல் வைத்தாள். யுகிம் கண்ணாடியை மாட்டினார். படித்தார். முத்திரைக்கு வந்ததும் காகிதத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். அவர் கிடங்கின் மேலாளராக இருந்தவர். 'ஈரப்பதம்: ஏற்கத்தக்கது' என்ற வட்ட முத்திரையை ஆயிரக்கணக்கான லாரிச் சீட்டில் பார்த்த மனுஷர்.

யுகிம் காகிதத்தை மடித்து அவளிடம் நீட்டினார்.

"சரியா இருக்கு," என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "அந்த ஜெனரேட்டரத் தெற்குத் தெருவுக்கு எடுத்துட்டுப் போங்கப்பா."

யுகிம் ஏன் அப்படிச் செய்தார்? இங்கேதான் என் பேனா இரண்டு நாள் நின்றது. தலைவருக்கு ஊர் இருந்தால்தானே பதவி. அல்லது பாலத்தில் தன் மனைவி முகம் திருப்பியது அவருக்கு உறுத்தியிருக்கலாம். அல்லது கண்ணாடி பழசு. இரக்கம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இந்தக் கதையில் ஒருவரைச் சந்தேகிக்காமல் விட்டால் மற்றவர்களுக்கு நியாயம் செய்ததாகாது.

ரொட்டி வண்டி பாலத்தைத் தாண்டியது. மெலானியா மாட்டை லாரியிலிருந்து இறக்கினாள். "உன் வாய் கெட்ட வாயா இருந்தாலும் கை ராசியான கைடி" என்று லிதியாவுக்கு ஒரு பானை பால் கொண்டுவந்து கொடுத்தாள். லிதியாவால் அதைக் குடிக்க முடியவில்லை. பனாஸ் குடித்தான்.

கதையை இங்கே நிறுத்தியிருந்தால் எல்லாரும் சந்தோஷமாகப் போயிருக்கலாம். ஒரு பிரதியில் நிறுத்தியும் பார்த்தேன்.

8

ஆகஸ்டில் போர்முனை பதினோரு கிலோமீட்டருக்கு வந்தது. அதே வாரம் செவெரின் என் கடைக்கு வந்தான். முதல் முறையாக அவன் காலணியில் சேறு.

"தென்புலக் கூட்டு நிறுவனம். யார் இவங்க?"

"எனக்கெப்படிங்க தெரியும்?"

"ஓடைக்குத் தெற்க வாங்கியிருக்காங்க. அதுவும் எங்களவிட கூட விலைக்கு. மேல இருக்கறவங்க என்னப் பிடிச்சு உலுக்குறாங்க. 'அவனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, அதான் வாங்குறான். நீ என்ன பண்ணிட்டு இருந்தே?'ன்னு."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வரைபடம் பார்த்தவர்கள் என்று ஊர் நம்பிய ஆட்கள் லிதியாவின் ஈரப்பத முத்திரையைப் பார்த்து மிரண்டுபோயிருந்தார்கள்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பேசாமலாவது இருந்திருக்கலாம். நான் சொன்னது இது: "ஆள் யாருன்னு தெரியாது. ஆனா அந்தப் பக்கம் வேலைக்குன்னு ரெண்டு பெரிய டிராக்டருக்குப் பாகம் கேட்டு ஒருத்தர் போன் பண்ணினார்."

ஏன் சொன்னேன்? மார்ச்சில் கொடுத்த பட்டியலுக்குப் பரிகாரம் என்று ஒரு பிரதியில் எழுதியிருந்தேன். அழகாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.

9

செவெரின் தெற்குத் தெருக்காரர்களின் நிலத்தை ஒரே வாரத்தில் வாங்கினான். மூன்று மீட்டர் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. வடக்கே கொடுத்ததைவிட இரண்டு மடங்கு விலை. பாதி உடனே, பாதி வசந்தத்தில். விற்றவர்களுக்குக் கையில் முதல் முறையாக நகரத்தில் ஒரு அறைக்கு வாடகை கொடுக்கும் தெம்பு வந்தது. வந்ததும் கிளம்பினார்கள். இந்த முறை பயத்தினால் இல்லை, முடிந்ததால்.

மெலானியா கடைசியாகப் போனாள். மாட்டை வடக்குத் தெருவில் விற்றுவிட்டு, சாவியை லிதியாவின் கையில் திணித்தாள். "நீ அந்தக் கம்பெனிக்கு விக்காம இருந்திருந்தா இவன் எங்ககிட்ட வந்தே இருக்க மாட்டான். உன் புண்ணியம்டி." அவள் அழுதாள். (இல்லை. கீழே பாருங்கள்.) "நீயும்தான் வித்துட்டியே, பணத்த வெச்சுக்கிட்டு எதுக்கு இங்க கெடக்கறே? கஞ்சப்பிசினாறி."

லிதியா சிரித்து வைத்தாள்.

ஏனென்றால் அந்தத் தெருவில் விற்காதவள் அவள் ஒருத்திதான். விற்கவும் முடியாது. விற்க வேண்டுமென்றால் முன்பு விற்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் தென்புலக் கூட்டு நிறுவனம் என்று ஒன்று இல்லை என்றாகும், செவெரினின் மேலிடம் விழித்துக்கொள்ளும், வசந்தத்தில் மெலானியாவுக்கும் மற்ற ஏழு வீட்டுக்கும் வரவேண்டிய மீதிப் பாதி வராது.

பனாஸ் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாவது நாள் சொன்னான்: "ஊருக்கெல்லாம் வழி பண்ணினே. நம்ம எட்டுக்கு மட்டும் பூட்டப் போட்டு சாவியத் தொலச்சுட்டே." பிறகு, ஊர்க்காரர்கள் போகிற போக்கில் விட்டுச்சென்ற டீசலை டிராக்டரில் ஊற்றினான். கிளட்ச் நான் கொடுத்தேன். விலை பேசவில்லை. செப்டம்பரில் பலகை இல்லாத பாதியில் குளிர்காலக் கோதுமை விதைத்தான். தெற்குத் தெருவில் இப்போது ஒரே ஒரு வீட்டில்தான் புகை.

10

போன வாரம் இதை அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன், வரிக்கு வரி அவள் மொழிக்கு மாற்றி. நடுநடுவே நிறுத்தினாள்.

"மெலானியா அழல. எதுக்கு அழவெச்சே? அவ வாசல்ல மாட்டுச் சாணி கெடந்ததுக்குத்தான் திட்டிட்டே போனா."

"சரிக்கா."

"செவெரின் கெட்டவனா நல்லவனா?"

"தெரியலக்கா."

"அப்புறம் என்னத்த எழுதறே நீ? சரி, என்னக் கடைசியில எங்க கொண்டுபோய் விடப்போறே?"

என்னிடம் இரண்டு முடிவு இருந்தது. ஒன்றில், வசந்தம் வருகிறது, எல்லாருக்கும் மீதி கிடைக்கிறது, அவள் ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிச் சிரிக்கிறாள். மற்றதில், வசந்தத்துக்கு முன்பே கோடு ஓடைக்கு வந்துவிடுகிறது. இரண்டையும் சொன்னேன்.

"ரெண்டும் வேண்டாம்," என்றாள். "பதிவாபீஸ்ல என் நிலம் யாரோடதுன்னு இப்பப் பாக்க முடியாது. ஊர்ல கேட்டா எவனோ கம்பெனிக்காரனோடதுங்கறான். நாளைக்குக் கோடு நகந்தா அவங்க வேற ஒரு காகிதத்துல வேற எவன் பேரையோ எழுதிக்குவாங்க. உன் பாஷையிலயாவது என் பேர்ல இருக்கட்டும் தம்பி. அத எழுதி முடி."

எழுதுகிறேன் என்று சொன்னேன்.

சொன்னபிறகுதான் உறைத்தது. அவள் பெயர் லிதியா இல்லை. போனில் படித்தபோது உண்மைப் பெயரைப் போட்டுத்தான் படித்தேன், இங்கே மாற்றியிருக்கிறேன். தமிழில் எழுதினால் அங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் முதல் பிரதியில் உண்மைப் பெயர்தான் இருந்தது. பிறகு என் கடைக்கு வந்த ஒருவர் மேசையில் கிடந்த தாளின்மேல் போனைக் காட்டினார். ஒரு நொடியில் அது அவர் மொழிக்கு மாறி நின்றது. அதற்குப் பிறகு இனி எந்த மொழியிலும் ஒளிந்துகொள்ள முடியாது என்று புரிந்தது.

உண்மைப் பெயரை எழுதினால் நிலம் அவளுடையதாகிறது, எட்டு வீட்டுக்கு வரவேண்டிய பாதி போகிறது. லிதியா என்று எழுதினால் நான் அவளுக்கு அடித்துக் கொடுத்த போலிக் காகிதம் இரண்டாகிறது. வசந்தத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. இன்று காலை போர்முனை ஒன்பது கிலோமீட்டர் என்றார்கள். இதை நீங்கள் எப்போது படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதனால் அவள் கேட்ட காகிதத்தை இவ்வளவு தூரம் மட்டும் எழுதி உங்கள் கையில் கொடுக்கிறேன்.

ஓடைக்குத் தெற்கே, எட்டு ஹெக்டேர். பாதியில் கோதுமை முளைத்து விரலளவு நிற்கிறது. பாதியில் இன்னும் எடுக்காத கண்ணிவெடி.

உரிமையாளர்: ........................